தெருவில் முன்பின் தெரியாதவரிடம் அனுமதி கேட்டுப் படம் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவோடு சென்னைத் தெருக்களில் நடக்கும் புதியவர்களோடு நானும் நடப்பதுண்டு. கேமராவை இயக்குவதில் அவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. எதிரில் இருப்பவரிடம் வாய் திறப்பதில்தான் தடுமாறுகிறார்கள். கூச்சத்தைக் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை வரிசை மாறிப்போவதுதான் காரணம். கேமராவைத் தூக்கிவிட்டு அப்புறம் சிரிக்கிறார்கள். எடுத்துவிட்டு அப்புறம் கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு, கேட்டிருக்கலாமோ என்று யோசிக்கிறார்கள்.

இங்கே சொல்லப்போவது எல்லாம் ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது: எடுக்க அனுமதி வேறு, வெளியிட அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாக, அதனதன் நேரத்தில் கேட்க வேண்டும். உதாரணங்கள் நான் நடக்கும் மயிலாப்பூர், கோயம்பேடு, காசிமேடு பக்கத்தவை. வேறு ஊரில் இடம்தான் மாறும், வரிசை மாறாது.

1. யாரிடம் கேட்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தி.நகர் ரங்கநாதன் தெருவின் தீபாவளிக் கூட்டத்தை எடுப்பவர் ஆயிரம் பேரிடம் அனுமதி கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். அங்கே கூட்டம்தான் படம். ஒரு சின்னச் சோதனை போதும்: இந்த ஒருவரைப் படத்திலிருந்து நீக்கிவிட்டால் படம் நிற்குமா? நிற்கும் என்றால் கேட்கத் தேவையில்லை. நிற்காது என்றால் அந்தப் படம் அவருடையது, கேட்டே ஆக வேண்டும்.

பூக்கட்டும் அம்மாவின் விரல்களை மட்டும் எடுப்பதாக இருந்தாலும் கேளுங்கள். முகம் வராது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தன் பக்கம் லென்ஸ் திரும்பியிருப்பது மட்டும்தான் அவர் கண்ணில் படும்.

கேட்டால் கலைந்துவிடும் தருணங்களும் உண்டு. இரண்டு தாத்தாக்கள் செய்தித்தாளை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்யும்போது குறுக்கே போய்க் கேட்டால் வாக்குவாதம் நின்றுவிடும். எடுங்கள். எடுத்த கையோடு நேராக அவர்களிடம் போய்க் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே அழியுங்கள். காட்டாமல் நடந்துவிடுவதாக இருந்தால் எடுக்காதீர்கள்.

சிலரிடம் கேட்கவே கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர், விபத்தில் அடிபட்டவர், குடித்துவிட்டுப் படுத்திருப்பவர், நடைபாதையில் தூங்குகிறவர். இவர்கள் யோசித்துச் ‘சரி’ சொல்லும் நிலையில் இல்லை. தூங்குகிறவரைத்தான் புதியவர்கள் அதிகம் எடுக்கிறார்கள், ஏனென்றால் அவர் திருப்பிக் கேட்கமாட்டார். நான் கூட்டிப்போகும் நடையில் அதற்கு இடமில்லை.

2. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், தெருவில் பேசாதீர்கள்

பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுக்கும் முன் அனுமதி பெற வேண்டும் என்று இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. அதனால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்துவிட வேண்டாம்.

1994இல், கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியுரிமையைப் பற்றிப் பேசியது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல், விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ பயன்படுத்துவதை அதில் உரிமை மீறலுக்கு உதாரணமாகச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77வது பிரிவு, பெண்ணின் அந்தரங்கச் செயலைப் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் குற்றமாக்குகிறது. குளிக்கும் துறையிலும் தெருக் குழாயடியிலும் கேமராவை உள்ளேயே வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தப் பிரிவின் விளக்கம் இன்னொன்றையும் பிரித்துச் சொல்கிறது: எடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம்.

இடத்துக்கும் தனி விதிகள் உண்டு. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ரயில் நிலையம், துறைமுகம், விமான நிலையம் ஆகியவற்றில் எதிரில் இருப்பவர் சரி சொன்னாலும் அந்த இடத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

இவ்வளவும் உங்கள் தலைக்குள் இருக்கட்டும். ‘பப்ளிக் பிளேஸ்தானே, எடுக்க எனக்கு உரிமை இருக்கு’ என்று ஒரு காய்கறிக்காரரிடம் சொல்லி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தத் தெருவில் அடுத்து வருகிறவருக்கும் சேர்த்துக் கதவு மூடுவதுதான் மிச்சம்.

3. கிளம்பும் முன் தயார் செய்ய வேண்டியவை

லென்ஸ்: ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 35 மி.மீ., சென்சார் சிறியதாக உள்ள ஏபிஎஸ்-சி என்றால் 23 மி.மீ. ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றால் ஒருவரின் இடுப்புக்கு மேலும் அவர் கடையில் கொஞ்சமும் வரும். ஒன்றரை மீட்டர் பேசுவதற்கான தூரமும்கூட. தூரத்திலிருந்து எடுக்கும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்தில் நிற்பவரால் கேட்க முடியாது, கத்தத்தான் முடியும்.

செட்டிங்: கேட்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஷட்டர் 1/250, அபர்ச்சர் எஃப் 4, ஐஎஸ்ஓ ஆட்டோ, அவர் நிற்கும் வெளிச்சத்தில் ஒரு சோதனைப் படம் தரையைப் பார்த்து. ‘சரி’ கிடைத்தபின் டயலைத் திருகிக்கொண்டு நின்றால், சம்மதித்தவர் முகம் பத்து நொடியில் இறுகிவிடும்.

ஆல்பம்: நீங்கள் எடுத்த பத்துப் பதினைந்து படங்கள் போனில் தனி ஆல்பமாக இருக்கட்டும். அதே தெருவில், அதே தொழில் செய்பவர்களின் படமாக இருந்தால் ரொம்ப நல்லது. ‘எதுக்கு?’ என்ற கேள்விக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

அட்டை: தமிழில் உங்கள் பெயர், போன் நம்பர், இன்ஸ்டாகிராம் முகவரி, மூன்றும் அச்சிட்ட சின்ன அட்டை. உங்களைப் பிடிக்க ஒரு வழி அவரிடம் இருக்கிறது என்பதே பாதி நம்பிக்கை.

ஜிபிஎஸ்: போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படத்தோடு அவர் வீட்டு முகவரியும் சேர்ந்து போக வேண்டியதில்லை.

நேரம்: இதைப் புதியவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலில் மீன் ஏலம் நடக்கும்போது யாரிடம் என்ன கேட்டாலும் ‘போப்பா அந்தாண்ட’ என்றுதான் வரும், அதில் தப்பும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். ஆனால் வருமானம் நின்ற நாட்களும் அவைதான். பேச்சு அங்கே போனால் கேட்டுக்கொள்ளுங்கள், அவசரமாகப் படத்துக்கு இழுக்காதீர்கள். பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் போகாதீர்கள். முகூர்த்தம் முடிந்தபின் மதியத்தில் போங்கள்.

4. கண்ணில் படுங்கள், அப்புறம் நெருங்குங்கள்

கேமரா தோளில் தொங்கட்டும், கையில் பிடிக்க வேண்டாம். பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வராமல், அவர் உங்களைப் பார்க்கும் திசையிலிருந்து வாருங்கள். கேமராவை ஒளித்து வைக்கவும் கூடாது. பேச ஆரம்பித்தபின் பையிலிருந்து அதை எடுத்தால், ஏதோ திட்டம் போட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

கூலிங்கிளாஸைக் கழற்றுங்கள். அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் குந்துங்கள். நின்றபடி குனிந்து கேட்கிறவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அதிகாரி மாதிரித்தான் தெரிவார்.

அந்த இடத்தில் ஒரு வேலையோடு இருங்கள். டீக்கடை என்றால் டீ குடியுங்கள், பழக்கடை என்றால் உங்களுக்கு வேண்டிய பழத்தை வாங்குங்கள். வாங்கியதால் படம் எடுக்க உரிமை வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அவர் உங்களைப் பார்த்துப் பழக ஐந்து நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

குழுவாக வந்திருந்தால் ஒருவர் மட்டும் போங்கள். நான் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இந்தத் தவறைத்தான். ஒருவர் நயமாகக் கேட்பார், அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அடுத்த நொடி பின்னாலிருந்து நாலு கேமரா எழும்பும். அவர் சரி சொன்னது ஒருவருக்கு. மற்ற நால்வரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். நான் விடச் சொல்வேன்.

5. கேட்பது

முதலில் முறை வைத்துக் கூப்பிடுங்கள். அண்ணா, அக்கா, ஐயா, அம்மா. வயதில் சிறியவராகத் தெரிந்தாலும் தொழிலிடத்தில் ‘தம்பி’ போடாமல் ‘அண்ணா’ என்றே தொடங்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘பாட்டி’ கவனமாக வர வேண்டிய சொல். அறுபது வயதுக்காரரை ‘அம்மா’ என்று கூப்பிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை.

கேள்வி மூன்று துண்டாக இருக்கட்டும்: நான் யார், எது என்னை நிறுத்தியது, எடுக்கலாமா.

‘அக்கா, நான் போட்டோ எடுக்கறவன், பக்கத்துலதான் இருக்கேன். நீங்க கதம்பம் கட்டற வேகத்தைப் பாத்துட்டே நின்னுட்டேன். கட்டிட்டு இருக்கும்போதே ஒண்ணு ரெண்டு போட்டோ எடுத்துக்கட்டுமா?’

நடுத்துண்டுதான் வேலை செய்கிறது. அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டால் சந்தேகம் பாதி குறையும். காரணம் உண்மையாக இருக்க வேண்டும், அவர் வேலையைப் பற்றியோ அவர் இடத்தைப் பற்றியோ இருக்க வேண்டும். முன்பின் தெரியாத பெண்ணிடம் ஓர் ஆண் போய் ‘ரொம்ப அழகா இருக்கீங்க’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

திரும்ப வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்:

‘எந்தப் பேப்பரு?’ பத்திரிகை இல்லையென்றால் இல்லை என்று உடனே சொல்லுங்கள். பத்திரிகை என்று நினைத்துச் சம்மதிப்பவரின் சம்மதம் உங்களுக்கானது இல்லை.

‘யூடியூப்பா?’ வீடியோ இல்லை, போட்டோ மட்டும்தான் என்று சொல்லி, ஆல்பத்தைக் காட்டுங்கள்.

‘கார்ப்பரேஷன்லேருந்து வர்றியா?’ நடைபாதைக் கடைக்காரர் கேட்கும் கேள்வி. கடையைப் படம் பிடித்துப் போனவர்களுக்குப் பின்னால் கடையை அள்ளிப்போக லாரி வந்த அனுபவம் அவருக்கு இருக்கலாம். அட்டையைக் கொடுங்கள், முழுதும் நம்பாவிட்டால் எடுக்காமல் வந்துவிடுங்கள்.

‘என்னப் போயி எதுக்கு எடுக்கற?’ இது மறுப்பு இல்லை, பேச்சுக்கு அழைப்பு. இங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டும்.

தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி என்றால் கேமராவைத் தொட்டுக் காட்டி, அவரைக் காட்டி, புருவத்தை உயர்த்திக் காத்திருங்கள். தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் முகத்தைப் பாருங்கள், அங்கே பதில் இருக்கும்.

6. பதிலைச் சரியாகப் படிப்பது

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனத்தை நிரப்ப ‘ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு செகண்ட்தான்’ என்று பேசிக்கொண்டே போவது கெஞ்சல். கெஞ்சி வாங்கிய ‘சரி’ படத்தில் அப்படியே தெரியும்.

‘வேணாம்பா’ என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தால், இன்னொரு முறை மென்மையாகக் கேட்கலாம். ஒரே ஒரு முறை. முந்தானையை முகத்துக்கு இழுத்தால், உடம்பைத் திருப்பினால், வேலையில் தலையைக் கவிழ்த்தால், அது முடிந்த பதில். நன்றி சொல்லி, வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இங்கே முகம் சுளிக்காமல் போகிறவரை அடுத்த வாரம் அதே கடைக்காரர் தானே கூப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தவர் கொடுக்கும் சம்மதத்தை ஏற்காதீர்கள். ‘எடுத்துக்கோ சார், நம்ம பையன்தான்’ என்று முதலாளி சொன்னால் அது கடைக்குள் நிற்க அனுமதி. மூட்டை தூக்குகிறவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் மறுக்க முடியாது என்பதால், முதலாளி அந்தப் பக்கம் போனபின் கேளுங்கள். கணவர் சொல்லும் ‘சரி’யும் மனைவியின் ‘சரி’ ஆகாது.

7. எடுப்பது

சம்மதம் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் வேலையை நிறுத்தி, நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, சிரிப்பை மூடி, லென்ஸை நேராகப் பார்ப்பார்கள். புதியவர் உடனே ‘இல்லை இல்லை, நேச்சுரலா இருங்க’ என்பார். சொல்லாதீர்கள். அது அவர் தன்னைக் காட்ட விரும்பும் விதம். அந்தப் படத்தை மனதார, நன்றாக எடுங்கள்.

எடுத்து உடனே திரையில் காட்டுங்கள். அவர் தளர்வார், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அப்புறம் ‘நீங்க வேலையப் பாருங்க, நான் இப்படி ஓரமா இருக்கேன்’ என்று சொல்லி இரண்டு மூன்று நிமிடம் இருங்கள். நீங்கள் முதலில் பார்த்து நின்ற காட்சி இப்போது திரும்பி வரும். கேட்டால் இயல்பு போய்விடும் என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது பகுதிக்குக் காத்திருப்பதில்லை.

மொத்தம் ஐந்து நிமிடம் போதும். வாடிக்கையாளர் வந்தால் நகருங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

8. வெளியிடக் கேட்பது

இப்போதுதான் இரண்டாவது கேள்வி. முதலிலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்டால், எந்தப் படம் என்று தெரியாமலே அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது அவர் படத்தைப் பார்த்துவிட்டார்.

‘இந்தப் போட்டோவ என் இன்ஸ்டாகிராம்ல போடலாம்னு இருக்கேன். யார் வேணா பாப்பாங்க, உங்க ஊர்க்காரங்களும் பாக்கலாம். போடலாமா?’

‘ஊர்க்காரங்களும்’ என்பதை விடாதீர்கள். நகரத்தில் என்ன வேலை செய்கிறார் என்று ஊரில் சொல்லாதவர்கள் நிறையப் பேர். ‘எடுத்ததுக்குச் சரி, நெட்ல மட்டும் போடாத’ என்ற பதில் அடிக்கடி வரும். அப்படிப்பட்ட படங்களுக்குப் போனில் தனி ஃபோல்டர் வைத்து அன்றைக்கே நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து மறந்துவிடும்.

கண்காட்சி, போட்டி, பத்திரிகை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். விளம்பரம், ஸ்டாக் தளத்தில் (படங்களை விற்கும் இணையதளம்) விற்பனை என்றால் வாய்வார்த்தை போதாது, எழுத்து வேண்டும். பெயர், தேதி, இடம், எந்தப் படம், எதற்குப் பயன்படும், பணம் உண்டா, கையெழுத்து, ஒரு சாட்சி. தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, அதன் நகலை அவரிடமும் கொடுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் வாசித்துக் காட்டும் ஆள் அவர் பக்கத்து மனிதராக இருக்கட்டும். படத்தின் காப்புரிமை உங்களுடையதுதான். அதனால் அவர் முகத்தை விற்கும் உரிமை வந்துவிடாது.

9. பணம் கேட்டால்

கேட்டபின் யோசித்தால் தடுமாறுவீர்கள், வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். வேடம் போட்டு வருபவர்களுக்கும் பூம்பூம் மாட்டுக்காரருக்கும் கொடுப்பது முறை, அவர்கள் அதற்காகத்தான் தெருவுக்கு வருகிறார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடமிட்டு வருபவர்கள் நேர்த்திக்கடனுக்காகக் காணிக்கை பிரிக்கிறவர்கள். தட்டில் போட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.

மற்றவர்களிடம் பணத்தை நீங்களாக நீட்ட வேண்டாம். காசு இல்லாதவருக்கு நீட்டிய நோட்டு அவருடைய ‘வேண்டாம்’ என்ற பதிலைப் பறித்துவிடும்.

10. குழந்தைகள்

குழந்தைகள் தாங்களே ‘அண்ணா ஒரு போட்டோ’ என்று ஓடி வருவார்கள். அது அனுமதி இல்லை. அம்மாவோ அப்பாவோ கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அவர்களிடமும் குழந்தையிடமும் கேளுங்கள், இல்லையென்றால் எடுக்காதீர்கள். சீருடையில் பள்ளி பேட்ஜ் தெரியும் படத்தை வெளியிடாதீர்கள்.

தெருவில் வாழும், பிச்சையெடுக்கும் குழந்தைகளை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் என்ற வகையில் சேர்க்கிறது. அத்தகைய குழந்தைகளின் அடையாளமும் படமும் வெளியாவதற்கு அதன் 74வது பிரிவு தடை போடுகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் படங்களை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சிக்னலில் நிற்கும் குழந்தையின் முகம் பெரியவளான பின்னும் இணையத்தில் கிடக்கும்.

11. தகராறு வந்தால்

குரல் உயர்ந்ததும் கேமராவை இறக்குங்கள். ‘மன்னிச்சிருங்கண்ணா, அழிச்சிடறேன்’ என்று சொல்லி அவர் கண் முன்னால் அழியுங்கள். இரண்டு மெமரி கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் அழிக்க வேண்டும். ஐபோனில் அழித்த படம் ‘சமீபத்தில் நீக்கியவை’யில் 30 நாள் வரை இருக்கும், அங்கிருந்தும் நீக்கிக் காட்டுங்கள். கிளவுடுக்குத் தானாகப் போயிருந்தால் அங்கும்.

கூட்டம் சேர்ந்தால் யார் பேச்சுக்கு மற்றவர்கள் அடங்குகிறார்கள் என்று பாருங்கள், அவரிடம் மட்டும் பேசுங்கள். அடையாள அட்டையைக் காட்டலாம். கேமராவைப் பிடுங்க வந்தால் பக்கத்துக் கடைக்குள் போய் நில்லுங்கள், ஓடாதீர்கள்.

12. படத்தைத் திருப்பிக் கொடுப்பது

வாட்ஸ்அப் நம்பர் வாங்கி அன்று இரவே அனுப்புங்கள், நாளை என்பது வராது. பெண்களிடம் நம்பர் கேட்காதீர்கள். உங்கள் அட்டையைக் கொடுத்து, வேண்டுமென்றால் அவர்கள் அனுப்பட்டும் என்று விட்டுவிடுங்கள்.

முடிந்தால் 4×6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள், சில ரூபாய்தான் ஆகும். இன்ஸ்டாக்ஸ் மாதிரி உடனே அச்சாகும் கேமராவை நான் பரிந்துரைப்பதில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் தெருவே கை நீட்டும், ஃபிலிம் தீர்ந்ததும் கிடைக்காதவர்கள் வருத்தத்தோடு நிற்பார்கள். பிரிண்ட்டின் பின்னால் தேதியையும் உங்கள் நம்பரையும் எழுதுங்கள்.

அந்த நம்பருக்கு ஒருநாள் ‘அந்தப் போட்டோவ நெட்லேருந்து எடுத்துடுங்க’ என்று அழைப்பு வரலாம். பெண் பார்க்க வருகிறார்கள், மகன் திட்டுகிறான், காரணம் எதுவாகவும் இருக்கலாம், காரணமே சொல்லாமலும் இருக்கலாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழு, போட்டிக்கு அனுப்பியது என்று படம் போன இடங்களின் பட்டியலை ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. நீக்கிவிட்டு, எங்கெங்கே நீக்கினீர்கள், எங்கே உங்களால் நீக்க முடியவில்லை என்பதைத் திரும்ப அழைத்துச் சொல்லிவிடுங்கள்.